எந்திரத்தில் இல்லாத சின்னம்: மக்களவைத் தேர்தலில் கூட்டணி எப்படி வேலை செய்கிறது?

2019 ஏப்ரல் 18 அன்று கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் வாக்களிக்கப் போனவர்கள் பார்த்த எந்திரத்தில் தி.மு.க.வின் உதயசூரியனும் இல்லை, அ.தி.மு.க.வின் இரட்டை இலையும் இல்லை. தமிழ்நாட்டை மாறி மாறி ஆண்ட இந்த இரண்டு கட்சிகளும் அங்கே வேட்பாளரையே நிறுத்தவில்லை. காங்கிரசின் கையும் பா.ஜ.க.வின் தாமரையும்தான் நேருக்கு நேர் நின்றன. சுவரெழுத்துகளில் சூரியனையும் இலையையும் பார்த்தே வளர்ந்த தக்கலைப் பிள்ளை ஒன்று, முதல் வாக்கைப் போட்டுவிட்டு வந்து, ‘நம் சின்னம் எங்கே போயிற்று?’ என்று கேட்டால், வீட்டில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: ‘தொகுதியைக் கூட்டணிக்குக் கொடுத்துவிட்டார்கள்.’

யார் கொடுத்தார்கள், யாருக்கு, எதற்காக? தொகுதியைக் கொடுத்தால் வாக்குகளும் கூடவே போய்விடுமா? மாநிலம் முழுவதற்கும் பொதுவான கேள்விகள் இவை. ஆனால் குமரியை வைத்து விளக்குவது எளிது. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளான கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் ஆகியவை சேர்ந்ததே இந்த மக்களவைத் தொகுதி. மாவட்ட எல்லையும் தொகுதி எல்லையும் ஒன்றாக இருப்பதால் கணக்குப் பார்க்கும்போது குழப்பம் இல்லை. அதோடு, கூட்டணிகள் மாறும்போதெல்லாம் இந்தத் தொகுதியின் முடிவும் கண்ணுக்குத் தெரிகிற அளவில் மாறியிருக்கிறது.

முதலில் அடிப்படை

மக்களவையில் 543 இடங்கள். ஆட்சி அமைக்க 272 பேரின் ஆதரவு வேண்டும். தமிழ்நாட்டின் பங்கு 39. நாம் பிரதமரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நம் தொகுதிக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறோம். அவர்கள் சேர்ந்துதான் யாருக்குப் பெரும்பான்மை என்பதை முடிவு செய்கிறார்கள்.

தொகுதியில் யார் அதிக வாக்கு வாங்குகிறாரோ அவர் வென்றவர். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. இந்த ஒரு விதிதான் கூட்டணி அரசியலின் வேர். இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகப் புரியும்.

2014 தேர்தலை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் பெரிய கட்சிகள் திசைக்கொன்றாக நின்றன. அ.தி.மு.க. 39 தொகுதிகளிலும் தனித்துப் போட்டியிட்டது. தி.மு.க. சில சிறிய கட்சிகளோடு நின்றது. காங்கிரஸ் தனியாக, இடதுசாரிகள் தனியாக. பா.ஜ.க. மட்டும் தே.மு.தி.க., பா.ம.க., ம.தி.மு.க. முதலியவற்றைச் சேர்த்து ஓர் அணி கட்டியிருந்தது. கன்னியாகுமரியில் பா.ஜ.க.வின் பொன். இராதாகிருஷ்ணன் 3,72,906 வாக்குகள் பெற்றார். காங்கிரசின் எச். வசந்தகுமார் 2,44,244. அ.தி.மு.க. 1,76,239. தி.மு.க. 1,17,933. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் 35,284.

வென்றவருக்குக் கிடைத்தது நூற்றுக்கு 38க்கும் குறைவு. வாக்களித்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் வேறு யாருக்கோ போட்டிருந்தார்கள். ஆனாலும் வித்தியாசம் 1,28,662 வாக்குகள். இதில் முறைகேடு எதுவும் இல்லை, விதி அப்படி. எதிர்வாக்கு நான்காகப் பிரிந்து கிடந்தது.

இப்போது ஒரு சிறிய கூட்டல். காங்கிரஸ், தி.மு.க., மார்க்சிஸ்ட் ஆகிய மூன்றின் வாக்குகளையும் சேர்த்தால் 3,97,461 வரும். வென்றவரைவிட 24,555 அதிகம். தோற்ற மூன்று கட்சிகள் சேர்ந்து நின்றிருந்தால் வென்றிருக்கலாமே என்ற எண்ணம், முடிவு வந்த அன்றே அந்தக் கட்சிகளின் நிர்வாகிகளுக்குத் தோன்றாமல் இருந்திருக்காது. கூட்டணி பிறக்கும் இடம் இதுதான். கொள்கைப் பொருத்தம், தலைவர்களின் நட்பு என்று மேடையில் என்ன பேசப்பட்டாலும், அடியில் இந்தக் கூட்டல் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதே 2014இல் மாநில அளவில் என்ன நடந்தது என்பதையும் பார்த்துவிடலாம். அ.தி.மு.க. சுமார் 44 சதவீத வாக்குகளை வைத்துக்கொண்டு 37 இடங்களை அள்ளியது. தி.மு.க. இருபது சதவீதத்துக்கு மேல் வாங்கியும் ஓர் இடம்கூடப் பெறவில்லை. மீதி இரண்டு இடங்கள் கன்னியாகுமரியும் தருமபுரியும், இரண்டுமே பா.ஜ.க. அணிக்கு. வாக்கு ஒரு விகிதத்திலும் இடம் வேறொரு விகிதத்திலும் வருவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தேர்தல் தமிழ்நாட்டில் குறைவு.

குமரியில் தி.மு.க. அந்த முறை டெபாசிட் தொகையையும் இழந்தது. மக்களவைக்குப் பொதுப் பிரிவு வேட்பாளர் 25,000 ரூபாய் கட்ட வேண்டும். செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிட்டால் அந்தப் பணம் திரும்ப வராது. அந்தத் தொகை ஒரு கட்சிக்குப் பெரிதில்லை. ‘டெபாசிட் போயிற்று’ என்ற பேச்சுதான் பெரிது. அடுத்த தேர்தலில் தொகுதிப் பங்கீட்டுக்கு உட்காரும்போது எதிர்த்தரப்பு எடுத்துப்போடும் முதல் சீட்டு அது.

கூட்டினால் கூடுமா?

2019இல் கூட்டலைச் செய்துபார்த்தார்கள். காங்கிரஸ், தி.மு.க., இடதுசாரிகள் ஒரே அணி. மறுபக்கம் பா.ஜ.க.வும் அ.தி.மு.க.வும் கைகோத்தன. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் பா.ஜ.க. பக்கம்தான் வலு: 3,72,906 உடன் அ.தி.மு.க.வின் 1,76,239ஐச் சேர்த்தால் 5,49,145. எதிரணிக்கு 3,97,461. பழைய கணக்குப்படி ஒன்றரை லட்சம் வாக்கு வித்தியாசத்தில் தாமரை வென்றிருக்க வேண்டும்.

நடந்தது வேறு. வசந்தகுமார் 6,27,235 வாக்குகள் பெற்றார். பொன். இராதாகிருஷ்ணனுக்குக் கிடைத்தவை 3,67,302. அ.தி.மு.க. எதிராக நின்ற 2014இல் வாங்கியதைவிட, அ.தி.மு.க. கூடவே நின்ற 2019இல் அவர் வாங்கியது 5,604 குறைவு. தோல்வி 2,59,933 வாக்குகளில்.

இந்த இரண்டு வரிசை எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பாருங்கள். கூட்டணி பற்றித் தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு மாதம் கேட்பதைவிட அதிகம் கிடைக்கும். ஒரு கட்சி இன்னொரு கட்சிக்குத் தொகுதியைக் கொடுக்கலாம். கொடி கட்டலாம், ஒரே ஜீப்பில் ஏறலாம், தொண்டர்களை அனுப்பலாம். வாக்கை மட்டும் அந்தக் கட்சி கொடுக்க முடியாது. அது வாக்காளரின் கையில் இருக்கிறது. கட்சிக்காரர்கள் பேச்சில் இதை ‘வாக்கு மாற்றம்’ என்பார்கள்: தோழமைக் கட்சியின் வாக்கு நமக்கு மாறி விழுமா? தேர்தல் பொறுப்பாளர்களின் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி அது.

ஏன் மாறவில்லை? எண்கள் மட்டுமே வைத்து முழுப் பதிலும் சொல்லிவிட முடியாது. அ.தி.மு.க.வின் 2014 வாக்கில் பெரும்பகுதி தாமரைக்குப் போகவில்லை என்று ஒரு வாசிப்பு. போயிருந்தால், பழைய தாமரை வாக்கு அதே அளவுக்குக் கரைந்திருக்க வேண்டும் என்று இன்னொன்று. எனக்கு முதலாவதே பொருத்தமாகப் படுகிறது. 2014இல் ஜெயலலிதா பா.ஜ.க.வைச் சேர்த்துக்கொள்ளாமல் தனியாக வாக்குக் கேட்டார். அவருக்கு விழுந்த வாக்குகளில் காங்கிரசும் வேண்டாம், பா.ஜ.க.வும் வேண்டாம் என்று நினைத்தவர்களின் வாக்கும் உண்டு. அப்படிப்பட்டவரிடம் ஐந்து ஆண்டு கழித்து வந்து, ‘இலைக்குப் பதிலாகத் தாமரையில் போடுங்கள்’ என்றால் அவர் உடனே தலையாட்டிவிடுவாரா?

கடலோரத்தையும் மறக்கக் கூடாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களில் பல வீடுகளை ஆண்துணை இல்லாதவையாக்கிவிட்டுப் போயிருந்தது. கடலில் போனவர்களைத் தேடுவதில் தாமதம் என்ற கோபம் மத்திய அரசின் மீதும் இருந்தது, மாநில அரசின் மீதும் இருந்தது. 2019இல் அந்த இரண்டு அரசுகளையும் நடத்திய கட்சிகள்தாம் ஒரே அணியில் நின்றன. முதலில் இனயத்திலும் பிறகு கோவளம், மணக்குடிப் பக்கமும் திட்டமிடப்பட்ட சரக்குப் பெட்டகத் துறைமுகத்துக்கு மீனவ ஊர்களில் பலத்த எதிர்ப்பும் இருந்தது. இரண்டு கட்சிகள் சேரும்போது வாக்குகள் மட்டும் சேர்வதில்லை. இரண்டின் மீதும் உள்ள கோபமும் சேர்ந்துகொள்கிறது.

கூட்டாளி மாறினால்

2009 வரை இந்தத் தொகுதிக்கு நாகர்கோவில் என்று பெயர். எல்லையும் சற்று வேறு. தொகுதி மறுவரையறைக்குப் பிறகே கன்னியாகுமரி ஆயிற்று. 1980 முதல் 1998 வரை என். டென்னிஸ் ஆறு முறை தொடர்ந்து வென்ற தொகுதி இது. காங்கிரசிலும், பின்பு தமிழ் மாநிலக் காங்கிரசிலும். அதன் பிறகு வந்த பத்தாண்டுகள்தாம் நம் பாடத்துக்கு முக்கியம்.

1999 ஏப்ரலில் அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டது, வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. அ.தி.மு.க. வெளியேறிய இடத்தில் தி.மு.க. வந்து உட்கார்ந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் தி.மு.க. அணியின் வேட்பாளராக நாகர்கோவிலில் நின்றவர் பா.ஜ.க.வின் பொன். இராதாகிருஷ்ணன். வென்றார். இன்றைய இளைஞர்களுக்கு இது நம்பக் கடினமாக இருக்கும், ஆனால் தாமரைக்காகச் சூரியன் கொடியைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கியவர்கள் இப்போதும் குமரியில் இருக்கிறார்கள்.

2003 டிசம்பரில் தி.மு.க. அந்த அணியை விட்டு விலகியது. 2004இல் காங்கிரஸ், பா.ம.க., ம.தி.மு.க., இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள் என எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்தது. நாகர்கோவில் மார்க்சிஸ்ட் கட்சிக்கு ஒதுக்கப்பட்டது, ஏ.வி. பெல்லார்மின் வென்றார். அந்த அணி தமிழ்நாட்டின் 39 இடங்களையும் எடுத்தது.

டெல்லியில் இடதுசாரிகள் மன்மோகன் சிங் அரசை வெளியிலிருந்து ஆதரித்தார்கள். அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து 2008 ஜூலையில் ஆதரவை விலக்கினார்கள். டெல்லியில் விழுந்த அந்த விரிசல் ஓர் ஆண்டுக்குள் குமரிக்கு வந்துசேர்ந்தது. 2009இல் மார்க்சிஸ்ட் கட்சி அ.தி.மு.க. அணிக்குப் போயிற்று. அதே பெல்லார்மின், இப்போது தி.மு.க.வுக்கு எதிராக நின்றார். மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். காங்கிரஸ் துணையோடு நின்ற தி.மு.க.வின் ஹெலன் டேவிட்சன் 65,687 வாக்கு வித்தியாசத்தில் பொன். இராதாகிருஷ்ணனைத் தோற்கடித்தார்.

ஆக 1999இல் பா.ஜ.க., 2004இல் மார்க்சிஸ்ட், 2009இல் தி.மு.க., 2014இல் மறுபடியும் பா.ஜ.க., 2019இல் காங்கிரஸ். இருபது ஆண்டுகளில் ஐந்து தேர்தல்கள், நான்கு கட்சிகள்.

குமரியில் மக்கள் மதம் பார்த்தே வாக்களிக்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்துக்கள் ஏறக்குறைய 49 சதவீதம், கிறிஸ்தவர்கள் 47, முஸ்லிம்கள் 4. இந்த எண்களுக்கும் வாக்குக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தின் வடு இந்த மண்ணில் ஆழமானது. ஆனால் மக்கள்தொகை விகிதம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புரண்டு படுப்பதில்லை. தேர்தல் முடிவு புரண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் மாறியது யார் யாரோடு நின்றார்கள் என்பதுதான். மதத்தை மட்டுமே வைத்து இந்தத் தொகுதியை விளக்க முயல்கிறவர்கள் அந்த மாற்றத்தைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

களியக்காவிளைக்கு அப்பால்

கூட்டணி என்பது மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாகக் கட்டப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை சோதனைச் சாவடியைத் தாண்டினால் போதும். அந்தப் பக்கம் பாறசாலை. திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதி.

2024இல் அங்கே காங்கிரசின் சசி தரூருக்கு எதிராக இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பன்னியன் ரவீந்திரன் நின்றார். பா.ஜ.க.வுக்கு ராஜீவ் சந்திரசேகர். மும்முனைப் போட்டி, தரூர் 16,077 வாக்கில்தான் தப்பினார். சாலையின் இந்தப் பக்கம் அதே கம்யூனிஸ்ட் தொண்டர்கள் கைச் சின்னத்துக்கு வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டார்கள். ஏப்ரல் 19இல் குமரி வாக்களித்தது, 26இல் கேரளம். ஒரே வாரத்தில், சில கிலோமீட்டர் இடைவெளியில், ஒரே இரண்டு கட்சிகள் நண்பர்களாகவும் எதிரிகளாகவும் இருந்தன.

இதைப் பார்த்து ‘எல்லாம் நாடகம்’ என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கேரளத்தில் ஆட்சிக்கான போட்டியே காங்கிரஸ் அணிக்கும் இடதுசாரி அணிக்கும் இடையில்தான். அங்கே அவர்கள் சேர்ந்துவிட்டால் எதிர்க்கட்சி என்ற இடமே காலியாகிவிடும். தமிழ்நாட்டில் இரண்டுமே பெரிய கட்சியின் துணையில்லாமல் இடம் பிடிக்க முடியாதவை. களம் வேறு, அதனால் கணக்கும் வேறு. விளவங்கோட்டிலும் கொல்லங்கோட்டிலும் இரண்டு பக்கமும் உறவினர் உள்ள குடும்பங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பங்கீடும் சின்னமும்

மாநிலத்தில் அணிக்குத் தலைமை தாங்கும் கட்சி, தோழமைக் கட்சிகளோடு உட்கார்ந்து முதலில் எத்தனை இடம் என்று பேசும். பிறகு எந்தெந்த இடம் என்று பேசும். இரண்டாவதுதான் நீண்ட பேச்சு. 2019இல் தி.மு.க. தனக்கு 20 வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டில் காங்கிரசுக்கு 9, இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் விடுதலைச் சிறுத்தைகளுக்கும் இரண்டிரண்டு, மற்ற நான்கு கட்சிகளுக்கு ஒவ்வொன்று என்று பிரித்தது. காங்கிரசின் ஒன்பதில் கன்னியாகுமரி ஒன்று.

குமரி ஏன் பெரும்பாலும் தேசியக் கட்சிகளின் பங்காகிறது? 1956 நவம்பர் 1 வரை இது தமிழ்நாட்டில் இல்லை; முதலில் திருவிதாங்கூரின், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதி. தாய்த் தமிழகத்தோடு இணைவதற்கான போராட்டத்தையே மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ்தான் நடத்தியது. தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் திராவிட இயக்கம் வேர்விட்ட ஆண்டுகளில் குமரி வேறொரு வரலாற்றில் இருந்தது. நேசமணி மறைந்ததும் 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் காமராசரைத் தேர்ந்தெடுத்தது. 1971இல் தி.மு.க., இந்திரா காங்கிரஸ் அணி 38 இடங்களை வாரிக்கொண்டு போனபோது, மிஞ்சிய ஒரே இடத்தில் வென்றவர் காமராசர்; அந்த இடம் நாகர்கோவில். மாநிலமே ஒரு பக்கம் சாயும்போது தனிவழி போகும் பழக்கம் குமரிக்கு 2014இல் புதிதாக வந்ததில்லை.

சின்னம் பற்றி ஒரு நுணுக்கம். அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு நிரந்தரச் சின்னம் உண்டு. அங்கீகாரம் இல்லாத சிறிய கட்சிக்கு, கடைசி நேரத்தில் கிடைக்கும் சின்னத்தை மக்கள் மனதில் பதிய வைக்கச் சில நாட்கள்தாம் இருக்கும். அதனால் பெரிய கட்சியின் சின்னத்திலேயே நிற்பதும் நடக்கிறது. 2019இல் ஈரோட்டில் ம.தி.மு.க.வின் கணேசமூர்த்தியும் விழுப்புரத்தில் விடுதலைச் சிறுத்தைகளின் ரவிக்குமாரும் உதயசூரியனில் வென்றார்கள். மக்களவைக் கணக்கில் அவர்கள் தி.மு.க. உறுப்பினர்களாகவே இருந்தார்கள். சின்னத்தைக் கடன் வாங்கினால் அந்தப் பெயரையும் சேர்த்து வாங்க வேண்டும்.

சட்டத்தின் பார்வையில் கூட்டணி என்ற ஒன்று ஏறக்குறைய இல்லவே இல்லை என்பதையும் கவனியுங்கள். வேட்புமனுவில் கட்சி உண்டு, அணி இல்லை. எந்திரத்தில் வேட்பாளரின் பெயர், படம், சின்னம் உண்டு. அணியின் பெயர் எங்கும் இல்லை. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் உறுப்பினரைக் கட்சியோடுதான் கட்டுகிறது. விளவங்கோட்டின் காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர் விஜயதரணி 2024 பிப்ரவரியில் பா.ஜ.க.வில் சேர்ந்தார், பதவியை விட்டு விலகினார், இடைத்தேர்தல் வந்தது. ஆனால் ஒரு கட்சி முழுதாக அணி மாறினால் எந்த இடைத்தேர்தலும் வராது. நாம் அணியை நம்பிப் போட்ட வாக்குக்கு அணி பொறுப்பில்லை. இது எனக்கு நீண்ட நாளாகவே உறுத்தும் குறை.

ஒரே நாளில் இரண்டு எந்திரம்

வசந்தகுமார் 2020 ஆகஸ்டில் கொரோனாவால் இறந்தார். இடைத்தேர்தல் 2021 ஏப்ரல் 6 அன்று, சட்டமன்றத் தேர்தலோடு சேர்த்து நடந்தது. வாக்குச்சாவடிக்குள் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு.

பத்மநாபபுரம் தொகுதி வாக்காளர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டமன்ற எந்திரத்தில் தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் நேரடியாக மோதின; சூரியனும் இலையும் இருந்தன. மக்களவை எந்திரத்தில் அவை இல்லை. கையும் தாமரையும் இருந்தன. தி.மு.க. அனுதாபி முதலில் சூரியனை அழுத்தி, அடுத்து கையை அழுத்த வேண்டும். அ.தி.மு.க. அனுதாபி இலையை அழுத்தி, பிறகு தாமரையை அழுத்த வேண்டும். வாக்கு மாற்றம் என்ற பெரிய சொல்லின் முழு எடையும் அந்த இரண்டு பொத்தான்களுக்கு நடுவில் இருக்கிறது.

அன்று காங்கிரஸ் வேட்பாளரான வசந்தகுமாரின் மகன் விஜய் வசந்த் 5,76,037 வாக்குகளும் பொன். இராதாகிருஷ்ணன் 4,38,087 வாக்குகளும் பெற்றார்கள். அ.தி.மு.க. கூட இருந்தும் 2019இல் வராத வாக்கு, 2021இல் எழுபதாயிரத்துக்கு மேல் கூடி வந்தது. சட்டமன்றத் தேர்தலும் சேர்ந்து வந்ததே காரணம் என்பது என் கணிப்பு. தோழமைக் கட்சிக்காக மட்டும் வேலை செய்யும் பூத் கமிட்டிக்காரர் துண்டறிக்கையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். தன் கட்சி வேட்பாளரும் அதே நாளில் நிற்கும்போது, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, இரண்டு எந்திரத்திலும் எதை அழுத்த வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். சட்டமன்றத்துக்கு நாகர்கோவிலில் பா.ஜ.க.வும் கன்னியாகுமரியில் அ.தி.மு.க.வும் வென்றன. மற்ற நான்கும் தி.மு.க., காங்கிரஸ் பக்கம் போயின.

2024

2023 செப்டம்பரில் அ.தி.மு.க. பா.ஜ.க.வை விட்டு விலகியது. 2024இல் குமரியின் எந்திரத்துக்கு இரட்டை இலை திரும்பி வந்தது. விஜய் வசந்த் 5,46,248, பொன். இராதாகிருஷ்ணன் 3,66,341, நாம் தமிழர் கட்சி 52,721, அ.தி.மு.க. 41,393. பத்தாண்டு முன்பு 1,76,239 வாங்கிய கட்சிக்கு நான்காம் இடம். நடுவில் 2019இல் தொகுதியை விட்டுக்கொடுத்தது. 2021இல் மக்களவைக்கு மறுபடியும் விட்டுக்கொடுத்தது. தொகுதியைத் திரும்பத் திரும்பத் தோழமைக்குக் கொடுக்கும் கட்சிக்கு அங்கே வேர் காயும். தலைமை பேச்சுவார்த்தை மேசையில் விட்டுக்கொடுப்பதன் விலையை அந்த ஊரில் கட்சிக்காரராக இருப்பவர்தான் கொடுக்கிறார்.

தாமரையின் எண்ணையும் பாருங்கள். 2014இல் அ.தி.மு.க. எதிரில், 2019இல் பக்கத்தில், 2024இல் மீண்டும் எதிரில். மூன்று முறையும் பா.ஜ.க.வுக்கு 3.66 லட்சத்துக்கும் 3.73 லட்சத்துக்கும் இடையில்தான். இந்த மூன்று மக்களவைத் தேர்தல்களையும் வைத்துப் பார்த்தால், அ.தி.மு.க.வின் வரவும் போக்கும் அந்த வாக்கை ஏறக்குறைய அசைக்கவே இல்லை. மறுபக்கம் காங்கிரசுக்குத் தி.மு.க. தந்தது மிகப் பெரியது. ஒரே தொகுதியில் ஒரு கூட்டணி வேலை செய்கிறது, இன்னொன்று செய்யவில்லை.

வாக்கு எண்ணி முடித்த பிறகு கதை டெல்லிக்குப் போகிறது. 2024இல் பா.ஜ.க.வுக்குத் தனியாக 240 இடம், 272க்குக் குறைவு. தெலுங்கு தேசத்தின் 16, ஐக்கிய ஜனதா தளத்தின் 12 உள்ளிட்ட தோழமைக் கட்சிகளோடு சேர்ந்தே ஆட்சி அமைந்தது. தேர்தலுக்கு முன் வாக்கைக் கூட்டுவது ஒன்று. தேர்தலுக்குப் பின் இடத்தைக் கூட்டுவது இன்னொன்று. இரண்டாவதில் வாக்காளருக்குக் கருத்துச் சொல்லும் வாய்ப்பு அடுத்த ஐந்தாண்டு வரை இல்லை.

இவ்வளவும் தொகுதி அளவிலான எண்கள். உங்கள் தெருவின் கணக்கையும் நீங்களே பார்க்கலாம். ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும், வாக்குச்சாவடிவாரியாக எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு என்ற விவரம் படிவம் 20 என்ற அட்டவணையாக வெளியிடப்படுகிறது; தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் சட்டமன்றத் தொகுதிவாரியாகத் தேடுங்கள். 2014, 2019, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் உங்கள் வாக்குச்சாவடியை எடுத்து வரிசையாக வையுங்கள். 2014இல் இலைக்கு விழுந்த வாக்கு 2019இல் தாமரையில் ஏறியிருக்கிறதா, கையில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கருங்கல் பக்கத்துச் சாவடியும் தோவாளைச் சாவடியும் ஒரே விடையைத் தர வேண்டிய அவசியமில்லை. சாவடி எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறக்கூடியவை. எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடாமல், அந்தந்தத் தேர்தலின் வாக்குச்சாவடிப் பட்டியலில் உங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரைத் தேடி உறுதி செய்துகொள்ளுங்கள்.